இருபத்தாறாம் நாள் ஓட்டம்

வேண்டாம் அண்ணே, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். கொஞ்சம் நகர்ந்தால் போதும், எனக்கு இடம் பற்றும். ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். என் காலில் இருக்கும் கட்டைப் பார்த்து எழுந்தீர்களா, கழுத்தில் இருக்கும் மாலையைப் பார்த்து எழுந்தீர்களா?

"சாமிக்கு இடம் கொடுக்கணும்ல" என்கிறீர்கள். சரி. அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டிருக்கக் கூடாது. இந்த பஸ்ஸில் ஏறும்வரை மூன்று நாள் ரயிலில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். இனி நான் நிறுத்த மாட்டேன்.

விபத்து எல்லாம் இல்லை. ஓடினேன். இமயமலைப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. நாடு முழுக்க இருக்கிற பல்கலைக்கழகங்களிலிருந்து பையன்கள் வந்திருந்தார்கள். நெடுந்தூர ஓட்டம். மைதானத்தில் வட்டம் அடிக்கிற ஓட்டம் இல்லை. வயல், மேடு, காடு, ஓடை என்று பத்து கிலோமீட்டர் போகும். அதை வெறுங்காலில் ஓடினேன். உறைந்து கிடந்த தரைமேல்.

ஷூ இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஷூ. ஏழைப் பையன் ஷூ வாங்க வழியில்லாமல் ஓடினான் என்று யாரிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அங்கேயே ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார், என் காலை மட்டும் படம் எடுக்க. போய்யா என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினேன். நான் ஓடியது விரதத்துக்காக. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் நாற்பத்தொரு நாள் காலில் எதுவும் போடக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?

பக்தி உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. வந்துவிட்டது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஒரு கோடியில் பஸ் நிற்கும் இடம். இன்னொரு கோடியில் எங்கள் காலனி. நடுவில் பெரிய தெரு. காலனியிலிருந்து எவன் எங்கே போனாலும் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். நான் கணிதம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இருபத்தொரு வயது. அந்தத் தெருவில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? "ஏலே, சின்னக்கருப்பன் மவனே." அவ்வளவுதான். ஏழு வயசுப் பையன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். சொந்தப் பெயர் அழகர்ராஜா. அது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் வாயில் வராது.

போன வருஷம் எங்கள் காலனிப் பையன் ஒருவன் மாலை போட்டான். பெரிய தெருவில் சீனி என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். அந்தப் பையன் கடைக்கு வந்ததும் தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, "உக்காருங்க சாமி" என்றார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "தள்ளி நில்லுலே" என்றார். ஒரே நிமிஷத்தில், ஒரே வாயால். அன்றிலிருந்து ஒரு வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார்த்திகை முதல் தேதி நானும் போட்டேன். கோதண்டம் குருசாமிதான் போட்டுவிட்டார். பெரிய தெருக்காரர், அறுபது வயது. மாலையைக் கழுத்தில் போட்டார், சரணம் சொன்னார். பிறகு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வழக்கம்தான், மாலை போட்டவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுவது. எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணே, அறுபது வயது. பெரிய தெரு. என் காலில்.

அன்றைக்கு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சைத் துண்டால் தட்டினார் சீனி. உட்கார்ந்து டீ குடித்தேன். எழுந்து இருபதடி போயிருப்பேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "இவங்ய எங்க நாப்பத்தோரு நாள் தாங்கப் போறாங்ய? பாதியிலயே கழட்டிருவாங்ய, பாரு." ஒரு சிரிப்பு. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். நாற்பத்தொரு நாள் என்றால் நாற்பத்தொரு நாள். அதில் ஒரு நிமிஷம்கூடக் குறையாது. அந்தத் தெருவில் ஒருவனும் ஒரு வார்த்தை சொல்லும்படி வைக்க மாட்டேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போட்டி மார்கழிக்கு முன்னால் வரும் என்று தெரியுமா என்றால், தெரியும். விரதம் நடக்கும்போதே வரும் என்று தெரியும். அதனால்தான் கார்த்திகை பிறந்த நாளிலிருந்து வெறுங்காலில் பயிற்சி எடுத்தேன். எல்லாவற்றையும் கணக்காகச் செய்கிறவன் நான். கண்மாய்க்குள் ஓடினேன். செம்மண் ரோட்டில் ஓடினேன். மத்தியான வெயிலில் தார் ரோட்டில்கூட ஓடினேன். நோட்டில் நேரம் எழுதி வைத்தேன். பத்து கிலோமீட்டருக்கு ஷூவோடு ஓடுவதைவிட நாற்பது விநாடிதான் கூட. நாற்பது விநாடி கூட ஆனாலும் முதல் இருபத்தைந்து பேருக்குள் வந்துவிடலாம் என்று போன வருஷத்து நேரங்களை வைத்துப் பார்த்திருந்தேன்.

அந்த இருபத்தைந்துக்குள் வந்தால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். வேலை கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. மனுப் போடலாம். அவ்வளவுதான். நான் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் அம்மா தினமும் காலையில் என் காலைத் தொட்டுக் கும்பிடும். அப்பா கும்பிட மாட்டார். செங்கல் சூளையில் வேலை. விடியும் முன்னே போய்விடுவார். மாலை போட்ட அன்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டத்துக்கு எப்பிடிப் போவ?"

"வெறுங்காலோடதான்."

"வாங்கிக் குடுத்தது?"

"பரண்ல இருக்கட்டும்."

எழுந்து போய்விட்டார். அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. ஒருத்தன் சாமிக்கு மாலை போட்டிருக்கிறான், பெற்ற அப்பன் பேசாமல் இருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

கல்லூரியில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். முதல்வர்கூட, "வாங்க சாமி, போட்டிக்குப் பேர் குடுத்தாச்சா?" என்றார். ஒரே ஒரு ஆள்தான் கூப்பிடவில்லை. எங்கள் உடற்கல்வி இயக்குநர் எட்வின் சார். ஐம்பத்தாறு வயது, தொப்பை. முதல் வருஷத்திலிருந்து என்னை "அழகரு" என்றுதான் கூப்பிடுவார். மாலை போட்ட பிறகும் அதே "அழகரு, வாடா." எனக்கு எரியும். ஊரே மரியாதை கொடுக்கும்போது இவருக்கு என்ன வந்தது? கிறிஸ்தவர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழகரு, மாலை கழுத்துலதான? கால் என்னடா பாவம் பண்ணுச்சு?" இதை ஒரு இருபது தடவை கேட்டிருப்பார்.

போய்ச் சேர்ந்தோம். ரயிலில் மூன்று நாள், பிறகு பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏழு மணி நேரம். இறங்கியதும் காற்று மூக்குக்குள் ஊசி மாதிரி போனது. எங்கள் ஊரில் குளிர் என்றால் என்ன? மார்கழியில் அம்மா இன்னொரு போர்வை எடுத்துப் போடும். அதுதான் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலைச் சூட்டுக்குப் பழக்கினேன், முள்ளுக்குப் பழக்கினேன், கல்லுக்குப் பழக்கினேன். குளிருக்கும் பழக்க வேண்டும் என்று எந்த நோட்டில் எழுதியிருக்கிறது?

விடியற்காலையில் குளிக்க வேண்டுமே. வாளியில் தண்ணீருக்கு மேல் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். அதை விரலால் உடைத்துவிட்டு ஊற்றிக்கொள்வேன். அறைக்குத் திரும்பினால் எங்கள் அணிப் பையன்கள் கம்பளிக்குள்ளிருந்து கத்துவார்கள். "சாமி, சரணம் சாமி, தயவுசெஞ்சு எங்களத் தொட்டுறாதீங்க. செத்துருவோம்." சிரிப்பு. நானும் சிரித்தேன். விரதப்படி தரையில்தான் படுத்தேன். கல் தரை. முதுகு மரத்துப்போகும். ஒரு நாள்கூட முறை தவறவில்லை. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் ஓடும் பாதையை நடந்து பார்க்க விட்டார்கள். நல்ல வெயில். வயலில் உழுத மண் மெத்தென்று இருந்தது. புல் ஈரமாக இருந்தது. பைன் மரத்துச் சருகு காலுக்கு இதமாக, பாய் விரித்த மாதிரி இருந்தது. ஓடைத் தண்ணீர் மட்டும்தான் சுரீர் என்றது. "சார், இது நம்ம கண்மாயைவிட லேசு" என்றேன். அவர் மண்ணை மிதித்துப் பார்த்தார். "இது மத்தியானம்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விளக்கமாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வாத்தியார் வேலை என்ன?

சாயங்காலம் ஒரு வேலை செய்தார். என்னைக் கேட்காமலே என் போனிலிருந்து கோதண்டம் குருசாமியைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஐயா, பையனோட பி.டி. வாத்தியார் பேசுறேன். இங்க தண்ணி உறையிற குளிரு. ஷூ போடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் குருசாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அட, இதுக்கா போனு? சாமி, ஷூவைப் போட்டு ஓடுங்க சாமி. குளிரு ஊருக்கு இதெல்லாம் செல்லாது. வந்து ஒரு தேங்காயை ஒடைச்சுட்டாப் போச்சு. ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரு."

ஒரு தேங்காய்! இருபத்தைந்து நாள் ஐஸ் தண்ணீரில் குளித்திருக்கிறேன்... சரி, இருபத்தைந்து நாள் இல்லை, அங்கே மூன்று நாள், மிச்சம் எங்கள் ஊர்த் தண்ணீர். இருந்தாலும் இருபத்தைந்து நாள். அது ஒரு தேங்காய்க்குச் சமமா? அவர் பெரிய தெருக்காரர். அவர் ஒரு நாள் செருப்புப் போட்டால், "பாவம், குருசாமிக்கு உடம்பு சரியில்லை" என்பார்கள். நான் போட்டால் என்ன சொல்வார்கள்? அது அவருக்கு எப்படித் தெரியும்? போனை வாங்கி அணைத்துவிட்டேன்.

எட்வின் சார் என் எதிரே உட்கார்ந்தார். "குருசாமியே சொல்லிட்டாருடா. இன்னும் யாரு சொல்லணும்?"

"யாரும் சொல்ல வேண்டாம் சார். இது என் கால்."

"ஓடப் போறதும் அதே கால்தாண்டா."

எழுந்து வெளியே போனேன். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. மாலை போட்டவன் கோபப்படக் கூடாது.

இருபத்தாறாம் நாள். காலை எட்டு மணி. முந்தின நாள் நான் பார்த்த வயல் அங்கே இல்லை, அண்ணே. இரவெல்லாம் உறைந்து, உழுத மண் ஒவ்வொரு கட்டியும் உடைந்த செங்கல் மாதிரி விளிம்போடு நின்றது. புல்லெல்லாம் வெள்ளை. மிதித்தால் நொறுங்கும் சத்தம். இருநூறு பையன்கள் ஆணி வைத்த ஷூவோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெறுங்காலோடு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவன் என் காலைப் பார்த்துவிட்டு, தன் காலுறையைக் கழற்றிக் கொடுக்கப் போனான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

விசில் ஊதினார்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வலியே இல்லை. ஒவ்வொருவனாகத் தாண்டினேன். ஐம்பது, நாற்பது, முப்பது. மூன்றாவது கிலோமீட்டரில் பதினெட்டாவது ஆள் நான். ஐயப்பனே என் வலியை வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகு டாக்டர் சொன்னார், அது கால் மரத்துப்போய் உணர்ச்சி இல்லாமல் இருந்த நேரம் என்று. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம் பைன் மரச் சரிவு. பாய் மாதிரி என்று சொன்னேனே, அந்தச் சருகுமேல் பனி படிந்திருந்தது. இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். அடுத்து ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல். ஏறி அந்தப் பக்கம் போனபோது காலே இல்லை. முழங்காலுக்குக் கீழே யாரோ இரண்டு மரக்கட்டையைக் கட்டிவிட்ட மாதிரி. தரையை மிதிக்கிறேனா, எங்கே மிதிக்கிறேன் என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உள்ளங்கால் எப்போது கிழிந்தது என்றே எனக்குத் தெரியாது.

ஆறாவது கிலோமீட்டரில் எட்வின் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் என் ஷூ. என் ஷூ! பரணில் கிடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே ஷூ. கயிற்றையெல்லாம் தளர்த்தி, கால் நுழைக்கத் தயாராக வாயைப் பிளந்து வைத்திருந்தார். நான் நிற்கவில்லை. பக்கத்திலேயே ஓடி வந்தார். அந்தத் தொப்பையோடு.

"இருபது செகண்டுதாண்டா அழகரு! நில்லு! ரத்தம் வருதுடா!"

"வழி விடுங்க சார்."

"டேய், இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு. இப்பப் போட்டா இருபத்தஞ்சுக்குள்ள வந்துரலாம். போட்டுக்கடா, உன் கால்ல விழுறேன்."

"விழாதீங்க சார், போங்க."

விழுந்துவிட்டார். என் காலில் இல்லை, பனியில். தொப் என்று ஒரு சத்தம். பாதை ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஓட்டத்தின் தாளம் போய்விடும். அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. அதுவரை பதினெட்டாவது இடம், அண்ணே. அவர் குறுக்கே வந்து கத்தியதில்தான் என் தாளம் போனது. அவர் மட்டும் சும்மா நின்றிருந்தால்... ஏழாவது கிலோமீட்டரில் ஒருவன் தாண்டினான். பிறகு மூன்று பேர். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். காலில் உணர்ச்சி திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தேன். சரணம் சொல்லிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். சீனி கடை பெஞ்சை நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்து மூன்றாவது ஆளாக வந்தேன்.

முடித்தேன். அதைக் கவனியுங்கள். எழுபது பேர் முடிக்கவேயில்லை, ஷூ போட்டவர்கள். நான் முடித்தேன். ஆனால் சான்றிதழ் இருபத்தைந்தோடு சரி.

மருத்துவக் கூடாரத்தில் ஏழு தையல் போட்டார்கள். எட்வின் சார் வந்தார். கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டிருந்தார், மணிக்கட்டு பிசகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நானே கேட்டேன்.

"சொல்லுங்க சார். ஷூ போட்டிருந்தா வந்திருப்பேன்னு சொல்லுங்க."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "தெரியலடா. போட்டிருந்தாலும் நாப்பத்தி மூணாவதா வந்திருக்கலாம். அது இனிமே எப்பவுமே தெரியாது."

இதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

"ஷூ எப்பிடி உங்க கைக்கு வந்துச்சு?"

"உங்கப்பா கொண்டாந்து குடுத்தாரு. கிளம்புறதுக்கு முந்தின நாள். காலேஜ் கேட்டுக்கு வெளியவே நின்னாரு, உள்ள வாங்கன்னேன், வரல. மஞ்சப் பையில வச்சு, தொடச்சு எடுத்தாந்திருந்தாரு. 'எப்பிடியாச்சும் போட வைங்க சார்'னாரு."

ஆக இரண்டு பேரும் சேர்ந்துகொண்டுதான் செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல். திரும்பி வரும் மூன்று நாளும் நான் யாரோடும் பேசவில்லை. எட்வின் சார் ஒற்றைக் கையால் டீ வாங்கி வந்து கொடுப்பார். கழிப்பறைக்குப் போகும்போது தோளைக் கொடுப்பார். அப்போதும் பேசவில்லை. ஆனால் காலில் எதுவும் போடவில்லை. கட்டு துணிதான், அது செருப்பில் சேராது. யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு முப்பத்தோராம் நாள். இன்னும் பத்தே நாள். பத்தே நாளில் இருமுடி கட்டி மலைக்குப் போய்விட்டு, அந்தத் தெருவில் வந்து நின்று, எவன்டா சொன்னது என்று கேட்டிருப்பேன்.

இன்று காலை மதுரை ஸ்டேஷன். இறங்கினால் நடைமேடையில் அப்பா. சூளைக்குப் போகாமல் வந்திருந்தார். எட்வின் சார் என் பையை அவரிடம் கொடுத்தார். அப்பா என் கட்டைப் பார்த்தார். அப்படியே குத்துக்காலிட்டு என் காலடியில் உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அண்ணே. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கடைசியில் அப்பாவும் என் காலைத் தொட்டுக் கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் தன் செருப்பைக் கழற்றினார். என் கணுக்காலைப் பிடித்தார். செங்கல் தூக்குகிற கை, என்னால் உருவிக்கொள்ள முடியவில்லை. ஒரு காலுக்கு, இன்னொரு காலுக்கு, தன் செருப்பை மாட்டிவிட்டார். வாரை இழுத்துவிட்டார். மாலை போட்டவன் காலில். அத்தனை பேர் பார்க்க.

"அப்பா, விரதம்ப்பா! என்னப்பா பண்ணுறீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடவில்லை.

"நான் கல்யாணம் முடிச்சப்ப மாமனார் செருப்பு எடுத்துக் குடுத்தாரு. பெரிய தெரு வந்ததும் அதக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் நடந்தேன், உங்கம்மாவோட. தெரு முடிஞ்சதும் போட்டுக்கிட்டேன். நீ பிறக்கிற வரைக்கும் அப்பிடித்தான். எவனும் என்னையச் சாமின்னு சொல்லல. போட்டுட்டு நடக்கலாம்னு ஆகுறதுக்கு எத்தன அடிதடி, எத்தன கேசு. உனக்கு ஷூ வாங்கித் தந்தேன். நீயாக் கழட்டிட்டு ஓடிருக்க."

எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்துவிட்டார்.

எனக்கு இது தெரியாது. இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? மாலை போட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "வாங்கிக் குடுத்தது?" என்று ஒரே வார்த்தையில் கேட்டால் எனக்கு என்ன புரியும்? நான் என்ன ஜோசியனா? ஐஸில் ஓடி, ஏழு தையல் போட்டு, சான்றிதழை விட்டுக் காப்பாற்றிய விரதத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

கழற்றிப் போட்டிருக்கலாம் என்கிறீர்கள். போட்டிருக்கலாம். அவர் போன பிறகு என் காலை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கழற்றவில்லை. கட்டு இல்லாத காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ஏன் கழற்றவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதோ, கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம். நீலச் சட்டை. மடியில் என் பை. மதுரையிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்குக் கோபம் போகவில்லை. போகாது. நாளைக்கு டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. "சொன்னேன்ல, முப்பது நாள்தான்." ஒளித்துச் சொல்லவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

இது எந்த ஸ்டாண்டு? இங்கே பத்து நிமிஷம் நிற்கும், இல்லையா? டிரைவர் டீ குடிக்கப் போவார்.

நான் கொஞ்சம் இறங்கணும், அண்ணே. இல்லை, பிடிக்க வேண்டாம், நடப்பேன். எதிரே செருப்புக் கடை இருக்கிறது, பாருங்கள். இன்னும் முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். இறங்கினால் பெரிய தெரு. அவர் செருப்பை நான் கழற்றிக் கொடுத்தால் அவர் போட்டுக்கொள்ள மாட்டார். எனக்குத் தெரியும், பிடிவாதக்காரர். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பார். கழற்றாமல் நான் போட்டுக்கொண்டு நடந்தால், அவர் வெறுங்காலோடு என் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வருவார். சீனி பார்ப்பார். எல்லோரும் பார்ப்பார்கள்.

அளவு என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் அளவு எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். என் அளவுதான்.

கண்டக்டர் விசில் ஊதினால் ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். நான் அவருக்குப் பணிந்து போய் வாங்கவில்லை. போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டும், மாட்டேன் என்றால் பஸ்ஸிலேயே வீசட்டும். என்னோடு இன்னும் ஒரு வருஷம் பேசாமல் இருக்கட்டும். கக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் அந்தத் தெருவில் அவர் நடக்கக் கூடாது.